திரும்பி வருகிறவள்

எங்கள் எதிர்வீட்டுக்காரி ஒரு நாளும் ஒரே தடவையில் வீட்டைவிட்டுப் போனதில்லை.

விடிந்தும் விடியாததுமாகக் கதவைப் பூட்டுவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தோள்பையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவராகம் குளக்கரை முனை வரைக்கும் விறுவிறுவென்று நடப்பாள். முனைக்குப் போனதும் நிற்பாள். அங்கே அவளுக்கு என்னதான் தோன்றுமோ, அப்படியே திரும்பி வருவாள். பூட்டைத் திறந்து உள்ளே போய் கேஸைப் பார்த்து, மோட்டார் சுவிட்சைப் பார்த்து, கொல்லைக் கதவைப் பார்த்து, மறுபடியும் பூட்டி மறுபடியும் இழுப்பாள். எதிர் ஜன்னலிலிருந்து பார்க்கிற எனக்கே கை வலிக்கும்.

இதோடு முடியாது. கிளம்பிப் போனவர்கள் பாதியில் திரும்பினால் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது எங்கள் அக்ரஹாரத்து வழக்கம். அவள் வீடோ பூட்டியாகிவிட்டது. எனவே தெருவைத் தாண்டி வந்து எங்கள் வாசல்படியில் உட்காருவாள்.

"கொஞ்சம் ஜலம் தருவேளா?"

எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால் வாங்கமாட்டாள். "கண்ணாடி டம்ளர் இல்லையா?" என்பாள். கொடுத்தால் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். என் வீட்டுத் தண்ணீரை இவள் பரிசோதிக்கிறாளாம் என்று ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகப்போக அவளுக்கென்றே ஒரு கண்ணாடி டம்ளரை ஜன்னலோரம் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

இப்படிப்பட்டவள் என்ன வேலை பார்த்தாள் என்று சொன்னால் புதிதாகக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். விமான நிலையத்தை ஒட்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன விமானங்களை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சிப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆசிரியை. தெருவில் பெரியவர்களுக்கு அவள் கேப்டன். பிள்ளைகளுக்கு யூ-டர்ன் மாமி. கல்யாணம் ஆகாதவளை மாமி என்று கூப்பிடுகிறீர்களே என்று நான் அதட்டினால், அவளே "இருக்கட்டும், யூ-டர்ன் சரிதானே?" என்பாள்.

என் கணவருக்கு அவளைக் கண்டால் பயம். அவர் ஒரு கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். பஞ்சாங்கம் முழுக்கத் தலைக்குள் இருக்கிறது. கிளம்புகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடுவது அவருக்கு மகாபாவம். நான் பையை மறந்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினால், பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, என்னைத் தாண்டி, என் முன்னால் வந்து மூச்சிரைக்க நிற்பாரே தவிர, ஒரு குரல் கொடுக்கமாட்டார். அப்படிப்பட்டவர் அலுவலகம் புறப்படும் நேரத்தில் எதிரே ஒருத்தி திரும்பித் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அவள் இரண்டாம் தடவை போய்த் தொலைகிற வரைக்கும் உள்ளேயே நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார்.

"இவ ஏறின பிளேன் எப்படித்தான் மேலே போறதோ!" என்பார்.

ஒரு தடவை பொன்முடி மலைக்கு வேன் வைத்துக்கொண்டு தெருக்காரர்கள் எல்லோரும் போனோம். வழியில் கல்லாற்றில் பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் இறங்கின. பாறைமேல் உட்கார்ந்து மோர்ச் சம்பாரம் குடித்துக்கொண்டிருந்தவள் மலையைப் பார்த்தாள். மேலே கொஞ்சம் கறுத்திருந்தது. எழுந்து போய் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டாள். ஒரே அழுகை, ரகளை. ஒரு மணி நேரம் எல்லோரும் கரையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்தோம். ஆறு அது பாட்டுக்கு முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துளி கலங்கவில்லை. வேனில் திரும்பும்போது அவளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை.

அவளுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. "வெள்ளம் வரலை, இல்லையா? நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை தின்றாள். பயந்தது பொய்யாகிப் போனால் மற்றவர்களுக்கு அசடு வழியும். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். அவளிடம் நான் ரசித்தது இதைத்தான்.

இந்த ரசனையெல்லாம் என் மகள் வித்யா பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும்தான்.

"அம்மா, நான் டிசைட் பண்ணியாச்சு. ஃப்ளையிங்தான். இனி ஒண்ணும் பறயண்டா," என்றாள் ஒரு நாள். பள்ளிக்கூடத்து மலையாளம் கலந்துவிட்டால் அவள் பேச்சில் மறுபேச்சுக்கு இடமில்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போனேன்.

"குழந்தைக்கு நீங்க கொஞ்சம் பயம் காட்டணும்," என்றேன். "நீங்க சொன்னா கேப்பா."

"பயம் காட்டறேன். ஆனா வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"எனக்கா? எனக்குத் தினம் பயமாக்கும்," என்றாள். "மேலே போயாச்சுன்னா இல்லை. சக்கரம் தரையை விட்டதுக்கப்பறம் கொஞ்ச நேரம் இருக்கு, கேட்டேளா. ரெண்டு மூணு தென்னைமர ஒசரம்னு வெச்சுக்கோங்கோ. அப்போ இன்ஜின் நின்னுதுன்னா நேரேதான் போகணும். முன்னாடி வயல் இருந்தா வயல். கடல் இருந்தா கடல்."

"ரன்வேக்கே திரும்பி வந்துட்டா?"

"அப்படித்தான் தோணும். பின்னாடியேதானே இருக்கு, ஒரு திருப்பு திருப்பினா வந்துடலாம்னு எல்லார் கையும் தன்னாலே திருப்பும். எத்தனையோ பேர் அதுலேதான் போயிருக்கா. திருப்பினா வேகம் போயிடும். வேகம் போனா ஒரு எறக்கை சரியும். சரிஞ்சதைத் தூக்கி நிறுத்தறதுக்குக் கீழே எடம் இருக்காது." அவளுடைய உள்ளங்கை விமானமாக மேஜைக்கு மேலே வந்தது, திரும்பியது, இடது பக்கம் சாய்ந்தது, மேஜையில் பட்டென்று விழுந்தது. நான் திடுக்கிட்டேன்.

பயத்தை மறைக்கக் கேலி செய்தேன். "இதை நீங்களா சொல்றேள்? தினம் குளக்கரைலேர்ந்து திரும்பி வர்றவா?"

அவள் சிரிக்கவில்லை. "அங்கே திரும்ப முடியாதே. அதனாலே தரையிலே இருக்கறச்சே எல்லாத்துக்கும் திரும்பிடறேன்."

அந்தப் பதில் எனக்குத் தைரியம் தந்ததா, இன்னும் பயமுறுத்தியதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. வித்யா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். அவள் பறக்கிற நாளெல்லாம் நான் அடுப்பில் வைத்ததை மறப்பதும், வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் மொட்டைமாடிக்கு ஓடுவதுமாக இருந்தேன். பெரிய விமானங்கள் வளைகுடாவுக்குப் போகும். அவற்றுக்கும் கைகூப்பி வைப்பேன்.

வித்யாவின் ஜன்ம நட்சத்திரம் ஒரு திங்கட்கிழமை வந்தது. என் கணவர் விடியற்காலையில் அர்ச்சனை செய்து பிரசாதம் வாங்கிக்கொண்டு, அவள் பறப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றார். கேப்டன் அனுமதி வாங்கித் தந்தாள். பள்ளி அலுவலகத்து வராந்தாவில் நின்று பார்க்கலாம், கயிற்றைத் தாண்டக்கூடாது.

முந்தின இரண்டு நாளும் விடாத மழை. விமானங்களை நிறுத்துகிற கொட்டகைக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் விமானங்கள் எல்லாம் வெளியே நனைந்துகொண்டு நின்றன. கேப்டன் ஒரு சின்னக் கண்ணாடிக் கப்பை எடுத்துக்கொண்டு வித்யாவின் விமானத்துக்குப் போனாள். இறக்கைக்கு அடியில் கப்பை வைத்து அழுத்த, இளநீலத்தில் பெட்ரோல் இறங்கியது. அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் போய் உருண்டை உருண்டையாக நிற்குமாம். நின்றது. கொட்டினாள். மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் கொட்டினாள். பிறகு பிடித்ததில் ஒன்றும் இல்லை. வித்யாவை இறக்கையைப் பிடித்து ஆட்டச் சொன்னாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தாள். சுத்தமாக இருந்தது. என் வீட்டுக் கண்ணாடி டம்ளரின் ரகசியம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கப்பை அலுவலக ஜன்னல் விளிம்பில் வைத்தாள். எங்களிடம் வந்து குங்குமம் இட்டுக்கொண்டாள். வித்யா முதலில் போய் ஏறி உட்கார்ந்தாள். கேப்டன் பின்னால் நடந்தாள். பாதி தூரம் போனதும் நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பழக்கதோஷத்தில் தண்ணீருக்குக் கண் அலைந்தது.

"ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேனே," என்று திரும்பினாள். அவள் கண் அந்தக் கப்பின்மேல் இருந்தது.

என் கணவர் கயிறு வரைக்கும் போய்விட்டார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். "வேண்டாம், கேப்டன். இன்னைக்கு ஒரு நாள் திரும்பப்படாது. குழந்தையோட நக்ஷத்திரம். ஏழரைக்கு ராகுகாலம் பொறந்துடும். உட்கார்ந்து ஜலம் குடிக்கவும் நேரமில்லை. நேரே போயிடுங்கோ."

அவள் கப்பைப் பார்த்தாள். அவருடைய கையைப் பார்த்தாள். அவர் கண்ணில் நீர் கோர்த்திருந்தது. தகப்பனாயிற்றே.

"சரி," என்றாள். போய்விட்டாள்.

அவள் திரும்பி வராமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏன் என்று தெரியாமலே ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்தேன்.

விமானம் ஆடி அசைந்து ஓடுபாதையின் மறுகோடிக்குப் போனது. அங்கிருந்து கடலைப் பார்க்க ஓடி வந்தது. எங்களைத் தாண்டும்போது தரையை விட்டது. என் கணவர் "ஏறிட்டா, ஏறிட்டா!" என்று கை தட்டினார். இன்ஜின் சத்தம் தைத்துக்கொண்டே போகிற தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக இருந்தது. பிறகு ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

அந்த நிசப்தத்தை என்னால் எழுத முடியவில்லை. காக்காய் கத்துவது கேட்டது. என் கணவர் தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ஓடுபாதை முடிகிற இடத்துக்கு மேலே, இரண்டு மூன்று தென்னைமர உயரத்தில், அந்த வெள்ளை விமானத்தின் இடது இறக்கை சரிந்தது.

அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். மேஜைமேல் பட்டென்று விழுந்த உள்ளங்கை என் கண்முன்னே வந்தது. என் குழந்தை செத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

இறக்கை நிமிர்ந்தது. மூக்கு தாழ்ந்தது. விமானம் நேரே, எங்களைவிட்டு நேரே போய், மீன்பிடிக்காரர்களின் வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் அப்பால் மறைந்தது.

பள்ளியின் ஜீப்பில் யாரோ எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடற்கரையில் கூட்டம். இரண்டு மீன்பிடி வள்ளங்கள் அலையில் இறங்கியிருந்தன. ஒரு வாலும் பாதி இறக்கையும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. நனைந்த லுங்கியோடு ஒருவர் என்னைப் பார்த்து ஓடி வந்தார். "கொச்சினு ஒண்ணும் இல்லம்மா, கரயண்டா," என்றார். என் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, அழாதே என்கிறார் என்பது காதில் விழுந்தும் நான் அழுதுகொண்டே இருந்தேன். வித்யா மணலில் ஒரு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள், நெற்றியில் ரத்தம். பக்கத்தில் கேப்டன் படுத்திருந்தாள். அவள் வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

ஆஸ்பத்திரியில்தான் வித்யா வாயைத் திறந்தாள்.

"இன்ஜின் நின்னதும் ரன்வே இதோ பின்னாலேயே இருக்குன்னு தோணித்தும்மா. என் கை தானே திருப்பிடுத்து. மேடம் கைமேலே ஒரு அடி அடிச்சா. 'திரும்பாதே!'ன்னு ஒரு அலறல். கிளாஸிலே எப்பவும் இங்கிலீஷ்தான் பேசுவா. அன்னைக்குத் தமிழ். அப்பறம் நேரே பிடிச்சுண்டா. கடல் வர்ற வரைக்கும் விடலை."

என் கணவர் எழுந்து வெளியே போனார். தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பாதே என்று அவரும்தானே சொன்னார்.

மறுநாள் கேப்டனின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். விமானத்தைக் கரைக்கு இழுத்துப் பார்த்தவர்கள் சொன்னதை அவளே சொன்னாள். பெட்ரோல் டாங்க் மூடியின் ரப்பர் இற்றுப்போயிருக்கிறது. அது வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. விமானம் நின்ற தரை ஒரு பக்கம் சரிவு. அதனால் கொஞ்சம் தண்ணீர் டாங்கின் மூலையில் ஒதுங்கி, கப்புக்கு வராமல் போக்குக் காட்டியிருக்கிறது. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது அது புரண்டு இன்ஜினுக்குப் போய்விட்டது.

"நடக்கறச்சேதான் அந்தத் தரையோட சரிவு ஞாபகம் வந்தது. சமதரைக்குத் தள்ளி ஒரு தடவை பாத்துடலாம்னுதான் நின்னேன்," என்றாள்.

"நான்தான் கெடுத்தேன்," என்றார் இவர்.

"இல்லை. நீங்க சொன்னா நான் எதுக்குக் கேக்கணும்? தெருவே சிரிச்சது, நான் கேக்கலை. நீங்க கும்பிட்டேள், கேட்டுட்டேன்." இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சிரிக்கறவாகிட்டே ஜாக்கிரதையா இருக்கத் தெரிஞ்சது எனக்கு. கும்பிடறவாகிட்டே தெரியலை."

விசாரணைக்கு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாளாம், என் கணவரின் பேச்சை மட்டும் விட்டுவிட்டு. இவர் பொறுக்காமல் தானே போய் அவர்களிடம் நடந்ததைச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ரப்பர், மழை, சரிவு, கடைசியாகப் பார்க்காமல் போனது என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. அதில் இவருடைய கூப்பிய கைக்கு என்ன இடம் கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது.

தோள் கூடியது, ஆனால் கை தலைக்குமேல் எழும்பவில்லை. இனி பறக்க முடியாது என்றார்கள். திருச்சூரில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். போகிற அன்று தெருவில் சாக்கடைக்குத் தோண்டியிருந்ததால் ஆட்டோ குளக்கரை முனையிலேயே நின்றது. பெட்டிகள் முன்னாலேயே போய்விட்டன. அவள் கதவைப் பூட்டினாள். இடது கையால் ஒரு தடவை இழுத்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

நாங்கள் வாசலில் நின்றோம். முனையில் நிற்பாள், திரும்புவாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. பூட்டின வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆட்டோவில் ஒரு காலை வைத்தாள். அவளைக் கடல் விட்டுவிட்டது, ஆனால் எதையோ எடுத்துக்கொண்டுவிட்டது என்று தோன்றியது.

"கேப்டன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கூப்பிட்டது என் கணவர். கிளம்புகிறவளை, பின்னாலிருந்து, அடித்தொண்டையில்.

"கேஸை மூடினேளா?"

அவள் காலை எடுத்தாள். தோண்டிப் போட்ட மண்ணைத் தாண்டித் தாண்டி வந்தாள். பூட்டைத் திறந்து உள்ளே போனாள். மோட்டார், கொல்லைக் கதவு எல்லாவற்றையும் பார்த்திருப்பாள், நேரமாயிற்று. வந்து பூட்டினாள். இரண்டு தடவை இழுத்தாள். எங்கள் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலோரத்து டம்ளரில் நான் தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

இத்தனை நாளாகக் கேட்க முடியாததை அப்போது கேட்டேன். "வித்யா மறுபடியும் போகணுங்கறா. அனுப்பட்டுமா?"

"பயப்படறாளா?"

"தூக்கத்திலே அலறறா."

"அப்போ அனுப்புங்கோ," என்றாள். "பயம் போயாச்சுன்னு என்னைக்காவது சொன்னா, அன்னைக்கு நிறுத்திடுங்கோ."

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டாம் தடவை ஆனதால் அவள் முனையில் நிற்கவில்லை.

வித்யா இப்போது வேறொரு பள்ளியில் பறக்கிறாள். விடியற்காலையில் கிளம்பி, குளக்கரை முனைவரை போய், நின்று, திரும்பி வருகிறாள். வண்டிச் சாவி, போன், ஏதோ ஒரு சாக்கு. என் கணவர் விலகி வழிவிடுகிறார். நான் கண்ணாடி டம்ளரில் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் குடித்துவிட்டுப் போன பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.

போன வாரம் ஒரு நாள் அவள் முனையில் நிற்கவில்லை. நேரே போய்க்கொண்டிருந்தாள். தண்ணீரும் கையுமாக நானும், செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்ட இவரும், பின்னாலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டோம்.